மாத்திரைக்குள்ள ஒரு கிராமம்

தலை சீவினா சீப்புல பாதி, பாத்ரூம் தரையில மீதி. 28 வயசுலயே அப்பாவோட தலை எனக்கும் வந்துடுச்சு. தோல் டாக்டர் ஃபினாஸ்டரைடு 1 மி.கி. எழுதிக் கொடுத்தார். "தினம் ஒண்ணு. நிறுத்தினா திரும்பக் கொட்டும்"னார். வருஷக்கணக்கா முழுங்கப் போற மாத்திரையாச்சே, எங்கிருந்து வந்ததுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். (கோடுல பக் தேடுற புத்தி, போகுமா?)

தோண்டினா, டொமினிக்கன் குடியரசுல சலீனாஸ்ங்கற கிராமத்துல போய் நின்னேன். அங்கே சில குழந்தைகள் பெண்ணாவே வளர்க்கப்பட்டு, பருவ வயசுல ஆண் உடல்வாகுக்கு மாறினாங்க. ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் 1974-ல 'சயன்ஸ்' இதழ்ல காரணத்தை எழுதினாங்க. டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி.ங்கற ஹார்மோனா மாத்துற என்சைம் அவங்களுக்குப் பிறவியிலேயே குறைவு. வளர்ந்த பிறகும் ப்ராஸ்டேட் சின்னதாவே இருந்துச்சு. முன்நெத்தி ஏறவே இல்லை!

மெர்க் நிறுவனம் இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டது. அந்த என்சைமைத் தடுக்கத்தான் ஃபினாஸ்டரைடு. ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி. மாத்திரையை 1992-லயும், வழுக்கைக்கு 1 மி.கி. மாத்திரையை 1997-லயும் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதிச்சது.

சரி, பாதுகாப்பானதா?

ஆரம்பச் சோதனைகள்ல பாலியல் சிக்கல் சொன்னவங்க 3.8%. மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 2.1%. சின்ன வித்தியாசம்தான். ஆனா 2012-ல, நிறுத்தின பிறகும் சிலருக்குச் சிக்கல் தொடர்ந்ததா வந்த தகவல்கள் எஃப்.டி.ஏ. லேபிள்ல ஏறிச்சு. 2025 மே மாசம் ஐரோப்பிய மருந்து முகமை, தற்கொலை எண்ணமும் இதோட பக்க விளைவுன்னு உறுதி செஞ்சது. எத்தனை பேருக்கு வரும்னு கணக்கு இல்லை.

பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்லைங்கறதும் உண்மை. ஆனா ஒண்ணு உறைச்சுது. சலீனாஸ்காரங்க பிறவியிலிருந்தே அப்படி. நாம இருபது, இருபத்தஞ்சு வருஷம் வாழ்ந்துட்டு நடுவுல குழாயை மூடுறோம். ரெண்டும் ஒண்ணா என்ன? ரிலீஸுக்கு அப்புறமும் பக் ரிப்போர்ட் வரத்தான் செய்யும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். காலேஜ்ல மன அழுத்தத்துக்கு ஆறு மாசம் மருந்து சாப்பிட்டவன் நான். டாக்டர் அதைக் கேட்கலை. நானும் வாயைத் திறக்கலை, வெட்கம்.

அட்டை பிரிக்காம டிராயர்லயே இருக்கு. சனிக்கிழமை திரும்பப் போறேன், இந்தத் தடவை முழுசாச் சொல்றதுக்கு. நீங்களும் நண்பன் சொன்னான்னு கடையில வாங்கி முழுங்கிடாதீங்க, மக்கா. முடி கொட்டினா தொப்பி இருக்கு...

வர்ட்டா?