இரவல் காரை ஓட்டுபவருக்கு இன்சூரன்ஸ் உண்டா?

கார் வளைகுடாவில் இருக்கும் அண்ணன் பெயரில் இருக்கும். ஊரில் அதை ஓட்டுவது தம்பியோ மச்சானோ. நம் குடும்பங்களில் இது சாதாரணம். "வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது" என்ற ஒரு பேச்சோடு எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் அந்த இன்சூரன்ஸ் யாரைக் காக்கும், யாரைக் காக்காது என்பதை நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிபட்டவருக்கு இழப்பீடு

அமெரிக்கா போன்ற நாடுகளில், சொந்தக் கார் இல்லாமல் பிறர் காரை ஓட்டுபவர்கள் தம் பெயரிலேயே தனிப் பாலிசி எடுக்கலாம். இந்தியாவில் மோட்டார் இன்சூரன்ஸ் வண்டியைச் சார்ந்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவின்படி ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உரிமையாளரின் அனுமதியோடு, செல்லத்தக்க லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் அது பொருந்தும். சாலையில் அடிபட்டவருக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கும்.

ஓட்டியவருக்கே ஆபத்து என்றால்?

பெரும்பாலோர் கவனிக்காத இடம் இதுதான். பாலிசியில் 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. 2018-ல் உயர்த்தப்பட்ட தொகை இது. இதற்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன. ஓட்டுபவரே ஆர்சி புத்தகத்தில் உள்ள உரிமையாளராக இருக்க வேண்டும், பாலிசியும் அவர் பெயரில் இருக்க வேண்டும், அவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும். ஆகவே அண்ணன் காரை ஓட்டும் தம்பி இந்தத் தொகையை நம்பியிருக்க முடியாது.

அப்படியானால் மூன்றாம் நபராகக் கேட்கலாமா? இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றம் நிங்கம்மா வழக்கில் (2009) கூறியது. ராம்கிலாடி வழக்கிலும் (2020) இதே நிலைதான். எதிரே வந்த வண்டியின் மீது தவறு இருந்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். தானே மரத்தில் மோதினால் அந்த வழியும் இல்லை. இறந்தவரின் மனைவி மக்கள் கைவிடப்படுவது இப்படித்தான்.

லைசென்ஸ் இல்லையென்றால்

லைசென்ஸ் இல்லாதவரிடம் காரைக் கொடுத்து விபத்து நடந்தால், நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதைக் கார் உரிமையாளரிடமிருந்து வசூலிக்கலாம். பல வழக்குகளில் நீதிமன்றங்கள் அப்படி உத்தரவிட்டுள்ளன. வெளிநாட்டில் இருந்த காலத்தில் இந்திய லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால், விடுமுறையில் வந்தவர் புதுப்பித்த பிறகே காரைத் தொட வேண்டும்.

18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டினால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

வாப்பா பெயரில் உள்ள கார்

வாப்பா வஃபாத்தான பிறகும் கார் பல ஆண்டுகள் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். உரிமையாளர் இறந்தால் பாலிசி 3 மாதங்கள் அல்லது அது முடியும் தேதி, இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். வாரிசுகள் 30 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

காரை விற்றவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. பெயர் மாற்றாமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டால், விபத்தின்போது ஆர்சியில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

நாம் செய்ய வேண்டியவை

1. பிறர் வண்டியை அடிக்கடி ஓட்டுபவர், தன் பெயரில் தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்று எடுக்க வேண்டும். எந்த வண்டியை ஓட்டினாலும் அது அவரோடு வரும். வங்கிகள் வழியாகக் கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. 18 முதல் 70 வயது வரை சேரலாம்.

2. காரை நிரந்தரமாக ஓட்டுபவர் யாரோ அவர் பெயருக்கே ஆர்சியையும் பாலிசியையும் மாற்ற முடியுமா என்று குடும்பத்தில் பேசி முடிவெடுங்கள். முடியாவிட்டால், ஓட்டுபவரின் பெயரைக் குறிப்பிட்டு விபத்துக் காப்பீடு சேர்க்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

3. சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு விடாதீர்கள். அதைக் காரணம் காட்டி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம்.

4. இரவல் வாங்கும்போது ஆர்சி, பாலிசி, மாசுச் சான்று ஆகியவற்றின் தேதிகளைப் பாருங்கள். கார் சேதமாகி இன்சூரன்ஸில் பணம் கோரினால், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காக உரிமையாளர் சேர்த்து வைத்த 20 முதல் 50 சதவீதம் வரையிலான பிரீமியச் சலுகை போய்விடும். அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இரவல் பொருள் அமானிதம். காரைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதோடு, நம்மை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பைச் செய்து வைப்பதும் நம் கடமைதான்.