ரூம் எங்கே போடுவது?

மகளுக்குப் பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. சர்ட்டிஃபிகேட் சரிபார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் வேலை. அப்பா போனை எடுத்துத் தேடுகிறார். நோணாங்குப்பத்தில், சுண்ணாம்பாற்றுப் பக்கம், தென்னை மரங்களுக்கு நடுவே ஓர் அறை. டவுனைவிட வாடகை குறைச்சல். ஹோட்டல் விலாசத்திலும் புதுச்சேரி, பல்கலைக்கழக விலாசத்திலும் புதுச்சேரி. அப்புறம் என்ன யோசனை? பணத்தைக் கட்டிவிடுகிறார்.

அங்கேதான் சரித்திரம் அவரைப் பிடித்துக்கொள்கிறது.

நோணாங்குப்பம் இருப்பது நகரத்துக்குத் தெற்கே, கடலூர் சாலையில், ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. பல்கலைக்கழகம் இருப்பது வடக்கே காலாப்பட்டில், சென்னை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. காலையில் அரியாங்குப்பம் தாண்டி, முருங்கப்பாக்கம் தாண்டி, முதலியார்பேட்டை நெரிசலில் சிக்கி, நகரத்தைக் கிழித்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு வந்து சேர வேண்டும். சரி, பாதிக்கு மேல் வந்தாயிற்று என்று பெருமூச்சு விடும்போது போர்டு மாறுகிறது. கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம். அதாவது தமிழ்நாடு! அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். வழி தவறிவிட்டோமோ? இல்லை. பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாட்டில் போய், பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரிக்குள் நுழைந்தால்தான் பல்கலைக்கழகம்.

ஒரே ஊருக்குள் போக எதற்கு இன்னொரு மாநிலம்?

பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் இங்கே கடை விரித்தபோது யாரும் அவர்களுக்கு நிலத்தை அளந்து, வேலி போட்டுக் கொடுக்கவில்லை. கிராமங்கள் உதிரி உதிரியாகத்தான் வந்து சேர்ந்தன. சந்தா சாகிபை ஆற்காட்டு நவாபாக்க டூப்ளே துணை நின்றதற்குக் கைம்மாறாக 1749-ஐ ஒட்டி வில்லியனூரும் பாகூரும் கிடைத்தன. கிடைத்தது நிலைத்ததா என்றால், அதுவும் இல்லை. 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரீஸ் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தார்கள். 1778-இல் மறுபடி பிடித்தார்கள், கொடுத்தார்கள். 1793-இல் பிடித்தார்கள். அடகுக்கடை நகை மாதிரி போவதும் வருவதுமாக இருந்த ஊர், நெப்போலியன் தோற்றபின் 1816-இல்தான் நிரந்தரமாகப் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. கோட்டை கட்டக்கூடாது, போலீஸ் வேலைக்குத் தேவையானதற்கு மேல் படை வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு!

திரும்பி வந்தது ஒரே பாத்தி அல்ல. துண்டு துண்டான நிலம். நடுநடுவே பிரிட்டிஷ் கிராமங்கள். அந்தத் துண்டுகளில் ஒன்றுதான் காலாப்பட்டு. 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962-இல் சட்டப்படியும் எல்லாம் முடிந்தது. கோடுகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் மத்தியப் பல்கலைக்கழகம் வந்தபோது, அதற்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் வேண்டியிருந்தது. நெருக்கியடித்த நகரத்துக்குள் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? காலாப்பட்டில் கடலைப் பார்த்தபடி இடம் இருந்தது. அதற்கு முந்தைய வருடமே பொறியியல் கல்லூரி பிள்ளைச்சாவடிக்கு வந்துவிட்டது (இன்றைக்கு அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்). சட்டக் கல்லூரி, மத்திய சிறை என்று இன்னும் சில பெரிய வளாகங்களும் அந்தப் பக்கம்தான். ஆட்டோக்காரர் 'எங்க சார், யூனிவர்சிட்டியா, ஜெயிலா?' என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு இரண்டும் ஒரே ரூட்.

இந்தச் சாலையில் எனக்குப் பிடித்த விஷயம் ஊர்ப் பெயர்கள். கோட்டக்குப்பம் தாண்டினால் முதலியார்சாவடி, சின்னதும் பெரியதுமாக இரண்டு. அப்புறம் பிள்ளைச்சாவடி. சாவடி என்றால் என்ன? வழிப்போக்கர்கள் இறங்கித் தங்கும் இடம். நம்முடைய இந்தச் சொல்தான் இங்கிலீஷ்காரன் வாயில் 'சோல்ட்ரி' ஆனது. அதாவது, நம் அப்பா போனில் தேடித் தேடிக் களைத்துப்போன சங்கதி, பல்கலைக்கழகம் இருக்கும் சாலையில் ஊர்ப் பெயராகவே எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது!

ரயில் வருவதற்கு முன்னால், அதாவது 1879-க்கு முன்னால், கால்நடையாகவோ மாட்டு வண்டியிலோ வருகிறவர்களுக்கு இப்படிப்பட்ட இடங்கள்தான் கதி. திண்ணை, கிணறு, ஒரு மரம். வாடகை கிடையாது. வசதியானவர்கள் புண்ணியத்துக்காகக் கட்டிப்போட்டார்கள். தஞ்சைப் பக்கம் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில் சாப்பாடு, தங்கல் மட்டுமல்ல, பள்ளிக்கூடமும் நடந்தது. படிக்க வருகிறவனுக்கு முதலில் படுக்க இடம் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

சாவடி என்ற சொல்லுக்கு அப்புறம் வேறு வேலைகள் வந்து சேர்ந்தன. பிரெஞ்சிந்தியாவோடு இருந்த சுங்க ஏற்பாடு 1949-இல் முடிவுக்கு வந்ததும் எல்லைகளில் முளைத்தவை சுங்கச் சாவடிகள். சும்மா படுக்க இடம் கொடுத்த சொல், மூட்டையை அவிழ்க்கச் சொல்லும் சொல்லாகிவிட்டது.

ரூமுக்கு வருவோம். இந்தக் கோடுகள் ஹோட்டல்காரர்களின் கல்லாப்பெட்டிக்குள்ளேயும் ஓடுகின்றன. 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு. பிரெஞ்சுப் பகுதியில் அது இல்லை. 1971-இல் தமிழ்நாடு மதுவிலக்கைத் தளர்த்தும்வரை, 'பாண்டிக்குப் போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாலே வீட்டில் முறைப்பார்கள். பின்னாளில் கிழக்குக் கடற்கரைச் சாலை சீரானதும் சென்னைக் கார்கள் சனி, ஞாயிறு வரிசை கட்டின. அறைக்கு வார நாளில் ஒரு வாடகை, வார இறுதியில் வேறொன்று என்பது இந்தக் கூட்டத்தின் கைங்கரியம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அறை வரி கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மது மட்டும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே. ஆகவே குடும்பத்தோடு போகிறவர்கள் அறைக்குக் கீழே பார் இருக்கிறதா என்று விசாரித்துவிடுவது நல்லது. இரவெல்லாம் பாட்டுக் கேட்டுவிட்டுக் காலையில் கவுன்ட்டரில் போய் நிற்க முடியாது.

இப்போது ஒரு கணக்கு. பி.காம். படித்த புத்தி சும்மா இருக்காது. நோணாங்குப்பத்து அறையில் நாளுக்கு 500 ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். இரண்டு நாளைக்கு 1,000. போக, வர நான்கு நடை. நடைக்கு 20 கிலோமீட்டர், ஆக மொத்தம் 80. கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று தாராள மனசுள்ள ஆட்டோக்காரர் கிடைத்தாலும் 1,200 ரூபாய். மிச்சம் பிடித்ததற்கு மேல் 200 ரூபாய் கைநஷ்டம். பஸ்ஸில் போனால் பணம் மிஞ்சும். ஆனால் நகரத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பத்து மணிக்கு வரச் சொன்ன இடத்துக்குப் பதினொன்றரைக்குப் போய் நின்றால், பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

நோணாங்குப்பம் மட்டமான இடம் என்று சொல்லவில்லை. படகுக் குழாமும் கழிமுகமும் பார்க்க வேண்டியவை. ரோமாபுரி ஜாடிகள் அகழ்ந்தெடுக்கப்பட்ட அரிக்கமேடு பக்கத்தில்தான் இருக்கிறது. சேர்க்கை முடிந்த மறுநாள் அங்கே ஓர் இரவு தங்குங்கள், யார் வேண்டாமென்றது?

வேலை மட்டும்தான் என்றால் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டுப் பக்கம் தேடுங்கள். கிளம்புவதற்கு முன்பே துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, வளாக விருந்தினர் இல்லத்தில் இடம் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். அது அமையாவிட்டால், ஆரோவில்லை ஒட்டிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையத்து விடுதிகள். விலாசத்தில் தமிழ்நாடு என்று இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நகரத்து அறைகளைவிடக் கிட்டம். நகரத்தில்தான் தங்குவேன், கடற்கரையில் நடக்க வேண்டும் என்பவர்கள் வடபக்கமாகப் பாருங்கள். ஆசிரம விடுதிகள் சுத்தம், வாடகையும் நியாயம். ஆனால் இரவு பத்தரைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் உண்டு. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் போகிறவர்களுக்கு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம். சுதந்திர தினம் மட்டுமல்ல, அரவிந்தரின் பிறந்தநாளும் அன்றைக்குத்தான்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இன்னொன்று. கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் என்றால் காலாப்பட்டுதான் முதலில் வரும், நகரம் அப்புறம். இது தெரியாமல் நகரம் வரை போய் இறங்கி, வந்த வழியே திரும்புகிறவர்கள் நிறையப் பேர். ஏறும்போதே கண்டக்டரிடம் 'யூனிவர்சிட்டியில் நிற்குமா?' என்று கேட்டுவிடுங்கள். திண்டிவனம் வழியாகப் போகிற பஸ் என்றால் கேட்டுப் பயனில்லை, அது அந்தப் பக்கமே வராது.