ஏர்கோன் வாங்கும் முன்: பினாங்கு வீட்டுக்குக் குளிர்ச்சியும் மின்கட்டணமும்

ஊட்டியிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் டிசம்பர் வந்தால் வீட்டைச் சூடாக்கும் கருவிகளைத் தூசி தட்டி எடுப்பார்கள். பினாங்கில் கதை தலைகீழ். ஆண்டு இறுதியில் பெய்யும் மழை ஓய்ந்து, பிப்ரவரியும் மார்ச்சும் பிறந்துவிட்டால் வடமாநிலங்களில் வெயில் கொளுத்தத் தொடங்கும். பெர்லிஸ், சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பதிவான 40.1 டிகிரி செல்சியஸ் நாட்டின் உச்சப் பதிவுகளில் பேர் பெற்றது. 2016 ஏப்ரலில் வெப்பம் தாங்காமல் பெர்லிஸ், கெடா பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். கடல் சூழ்ந்த பினாங்குத் தீவில் வெப்பமானி அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை காய்வதில்லை, இரவு ஒரு மணிக்கும் சுவர் சூடாகவே இருக்கும்.

ஆகவே இங்கே குடும்பங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த ஏர்கோனை வாங்குவது, அதை எப்படி ஓட்டினால் கட்டணம் கையைக் கடிக்காது?

முதலில் கட்டணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. கடையில் விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் வீட்டில் பார்க்க வேண்டியது தெனாகா நேஷனலின் மின்கட்டண ரசீது. 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் புதிய கட்டண முறை நடப்பில் உள்ளது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்திறன் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். இதிலிருந்து, 1,000 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு மின்சிக்கன ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது. குறைவாகப் பயன்படுத்துவோருக்குக் கழிவு அதிகம். 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென். 551 முதல் 600 வரை 9 சென். 601ஐத் தொட்டால் 7.5 சென்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கழிவு கடைசி சில யூனிட்டுகளுக்கு மட்டும் அல்ல, மொத்தப் பயன்பாட்டுக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது என்பது. அதோடு, 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் சேரும். 600 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு 212 ரிங்கிட் 58 சென். அதே வீடு 620 யூனிட் பயன்படுத்தினால் 238 ரிங்கிட் 97 சென். வெறும் 20 யூனிட்டுக்கு 26 ரிங்கிட்டுக்கும் மேல். 600க்கு மேற்பட்ட பகுதிக்கு விதிக்கப்படும் சேவை வரியும் மாதந்தோறும் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும் இதில் சேர்க்கப்படவில்லை. ஒரே ஓர் அறையில் ஏர்கோனை ஒரு வாரம் கூடுதலாக ஓட்டினாலே இந்த 20 யூனிட் வந்துவிடும்.

எனவே 'ஐந்து நட்சத்திர ஏர்கோன் வாங்கினால் போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்?' என்பதற்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் பதில் இல்லை. புதுக் கருவியால் மாதம் 60 யூனிட் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 யூனிட்டிலிருந்து 240க்கு இறங்கும் சிறு குடும்பத்துக்கு மிச்சம் 18 ரிங்கிட். 650லிருந்து 590க்கு இறங்கும் குடும்பத்துக்கு 41 ரிங்கிட். 1,100லிருந்து 1,040க்கு இறங்கும் பெரிய வீட்டுக்கு, வரி நீங்கலாக, 27 ரிங்கிட் அளவில். நடுவில் இருப்பவருக்கே லாபம் அதிகம். விற்பனையாளர் காட்டும் சேமிப்புக் கணக்கை நம்புவதைவிட, தன் வீட்டு ரசீது 12 மாதங்களில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பதே சரி.

இனி கருவி. மலேசியாவில் 2013 முதல் ஏர்கோன், குளிர்பதனப் பெட்டி, மின்விசிறி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் திறன் தரம் கட்டாயமாக்கப்பட்டு, எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரை ஒட்டப்படுகிறது. இரண்டு நட்சத்திரத்துக்குக் குறைந்ததை விற்க முடியாது. பலர் நட்சத்திரத்தை மட்டும் எண்ணிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதே முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்ற எண்ணும் இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு ஐந்து நட்சத்திரக் கருவிகளுக்குள்ளும் அந்த எண் மாறுபடும். ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

இன்வெர்ட்டர் வகையா, சாதா வகையா? சாதா ஏர்கோனின் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், அறை குளிர்ந்ததும் நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்து மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும். இரவு முழுவதும் ஓடும் படுக்கையறைக்கு இன்வெர்ட்டர்தான் பொருத்தம். ஒரு குதிரைத்திறன் உள்ள பழைய சாதா ஏர்கோன் எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 4 முதல் 5 யூனிட் இழுக்கும்; நல்ல இன்வெர்ட்டர், அறை ஒழுங்காக மூடியிருந்தால், அதில் பாதியை ஒட்டி முடித்துவிடும். விருந்தினர் வந்தால் மட்டும் மாதத்தில் இரண்டு நாள் ஓடும் முன்கூடத்துக்கு அதிக விலை கொடுத்து இன்வெர்ட்டர் வாங்கத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அளவு விஷயத்தில்தான் தவறுகள் அதிகம். இங்கே ஒரு குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 9,000 பிடியூ, ஒன்றரை என்பது 12,000, இரண்டு என்பது 18,000. அறையின் சதுர அடியை 65ஆல் பெருக்கினால் தேவையான பிடியூ உத்தேசமாகக் கிடைக்கும். 10க்கு 12 அடி அறைக்கு 7,800. ஒரு குதிரைத்திறன் போதும். 12க்கு 15 அடி அறைக்கு 11,700, ஒன்றரை வேண்டும். மேல்மாடி, மேற்கு பார்த்த சுவர், பெரிய கண்ணாடி சன்னல் என்றால் பத்து இருபது விழுக்காடு கூட்டிக்கொள்ளலாம். 'எதற்கும் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும்' என்று வாங்குவது பினாங்கில் தவறான கணக்கு. பெரிய கருவி அறையைச் சட்டென்று குளிர வைத்து நின்றுவிடும்; ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. அறை சில்லென்று இருக்கும், ஆனால் மெத்தை பிசுபிசுக்கும், அலமாரித் துணியில் பூஞ்சை பிடிக்கும்.

குளிரூட்டும் வாயுவையும் கேட்டு வாங்குங்கள். இப்போது வரும் வீட்டு ஏர்கோன்களில் பெரும்பாலும் ஆர்32 இருக்கும். புவி வெப்பமாதலுக்கு அதன் பங்கு முந்தைய ஆர்410ஏ-யைவிட மூன்றில் ஒரு பங்குதான் (675க்கு 2,088). ஆனால் ஆர்32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. பொருத்துவதையும் கழற்றுவதையும் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும். விலையில் ஐம்பது வெள்ளி குறைகிறது என்று பழைய குழாயையே பயன்படுத்தச் சொல்வோர் உண்டு. அந்தப் பேரம் வேண்டாம்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் குடியிருப்போருக்குத் தனியாகச் சில செய்திகள். 2008 ஜூலை 7 அன்று நகரம் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்து இடம்பெற்றது. லெபோ பாசார், லெபோ குயின், லெபோ கிங் என லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள தெருக்கள் அந்த எல்லைக்குள் வருகின்றன. வெளி யூனிட்டைக் கட்டட முகப்பில் தொங்கவிடும் முன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திடம் கேட்டுவிட வேண்டும். ஆணி அடித்த பிறகு கேட்பது இரட்டைச் செலவு.

அதைவிட முக்கியமானது, இந்த வீடுகள் ஏர்கோன் இல்லாமலேயே குளிர்ந்திருக்கக் கட்டப்பட்டவை. ஐந்தடி நடைபாதை, கீழ்ச்சுவரில் நேரடி வெயில் படாமல் காக்கும். நடுவில் உள்ள வானவெளி முற்றத்தின் வழியே சூடான காற்று மேலே ஏறி வெளியேற, தெருப்பக்கத்திலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். லெபோ லீத்தில் உள்ள செயோங் ஃபட் ட்சே மாளிகைக்குப் போனவர்கள் அதன் முற்றங்களில் நின்று பார்த்தால் இது சொல்லாமலே புரியும். மழைக்குப் பயந்து இந்த முற்றத்தைப் பிளாஸ்டிக் தகட்டால் மூடிவிட்டு, பிறகு வீடு வேகிறது என்று மூன்று ஏர்கோன் போடுவது இங்கே பரவலாக நடக்கும் கூத்து. தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்று போக இடைவெளி விட்டாலே பாதிச் சூடு இறங்கும். சுண்ணாம்புச் சுவரும் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசி, அறையை இறுக மூடி, இரவு பகலாகக் குளிரூட்டினால் ஈரம் சுவருக்குள்ளேயே தங்கி, பூச்சு உப்பிக் கொட்டும். அத்தகைய வீட்டில் ஓர் உறங்கும் அறையை மட்டும் மூடிக் குளிர்வித்து, மற்றதைக் காற்றுக்கு விட்டுவிடுவதே மேல்.

ஆயர் ஈத்தாம் ரைஃபிள் ரேஞ்ச் போன்ற பழைய அடுக்குமாடிகளின் பிரச்சினை வேறு. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் சுவர் அந்தச் சூட்டை இரவில்தான் வெளியே விடும். மாலை வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்தி ஏர்கோனைப் போட்டால் அது அறையை அல்ல, சுவரைக் குளிர்விக்கவே முதல் ஒரு மணி நேரம் போராடும். ஏழு மணிக்கு எதிரெதிர் சன்னல்களைத் திறந்து, மேசை விசிறியைச் சன்னலுக்கு வெளியே பார்த்து வைத்து, சூடான காற்றை ஒரு மணி நேரம் தள்ளிவிடுங்கள். பிறகு மூடிவிட்டுக் குளிரூட்டுங்கள். செலவு இல்லாத வேலை. வெளி யூனிட்டைச் சுற்றிப் பழைய பெட்டிகளை அடுக்காமலும், வடிநீர் கீழ்வீட்டுக்காரரின் துணியில் சொட்டாமலும் பார்த்துக்கொண்டால் அக்கம்பக்கத்து உறவும் கெடாது. பழைய வீடுகளில் மின்கம்பி ஏர்கோனைத் தாங்குமா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்டிவிட வேண்டும். விளக்குக்கும் விசிறிக்கும் இழுத்த கம்பியில் ஏர்கோனை மாட்டுவது தீ விபத்துக்கு வழி.

தஞ்சோங் தோக்கோங், கர்னி டிரைவ், பத்து ஃபெரிங்கி போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று வெளி யூனிட்டின் தகடுகளை அரித்துவிடும். அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்குவதும், சில மாதங்களுக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவுவதும் ஆயுளைக் கூட்டும்.

ஓட்டும் விதத்துக்கு வருவோம். 18 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது பொய். எந்த எண்ணில் வைத்தாலும் கம்ப்ரசர் தொடக்கத்தில் முழு வேகத்தில்தான் ஓடும். 18இல் வைத்தால் அது நிற்கவே நிற்காது, அவ்வளவுதான். அரசு அலுவலகங்களுக்கு 2011ஆம் ஆண்டிலேயே 24 டிகிரி என்று சொல்லப்பட்டது. வீட்டில் 25 அல்லது 26இல் வைத்து, கூரை விசிறியை மெதுவாகச் சுழல விட்டால் உடலுக்கு அதே சுகம் கிடைக்கும். விசிறிக்கு 60, 70 வாட்தான். டிசி மோட்டார் விசிறிக்கு அதிலும் பாதி. மழை நாள் இரவுகளில் வெப்பத்தைவிட ஈரமே தொல்லை. அப்போது 'டிரை' முறையில் ஓட்டலாம்.

வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடும் வீடுகளில் அதன் புகையும் தூசியும் சேர்ந்து பிசினாகப் படியும். அங்கே வாரம் ஒருமுறை என்றாலும் மிகையில்லை. சர்வீஸுக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் 'கேஸ் குறைந்துவிட்டது' என்று சொன்னால் நம்ப வேண்டாம். அது எரிபொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிவருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை.

இன்னொரு செலவு பலர் கண்ணில் படுவதில்லை. பினாங்கு வீட்டில் சூடாக்கும் கருவி ஒன்றே ஒன்று உண்டு. அது குளியலறையில் இருக்கிறது. உடனடி நீர்ச்சூடாக்கி 3.6 கிலோவாட் வரை இழுக்கும். நான்கு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் நாளுக்கு 2.4 யூனிட், மாதம் 72. நல்ல இன்வெர்ட்டர் ஏர்கோன் ஒன்று இரவெல்லாம் ஓடும் செலவுக்கு இது ஏறக்குறைய ஈடு. பகலில் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும் ஊரில் அந்தப் பொத்தானைக் கீழ்ப்படியில் வைத்தால் போதும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடமும் உண்டு. தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி எட்டினால் வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கும். 37ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை. அந்த நாட்களில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டி, கைக்குழந்தை, இதய நோயாளி உள்ள வீட்டில் பகலிலும் ஓர் அறையைக் குளிர்வித்தே ஆக வேண்டும். கட்டணத்துக்குப் பயந்து ஏர்கோனை அணைத்துவிட்டு, பிள்ளைகள் வரும்வரை வேர்த்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அதிகம். வேலைக்குப் போகும்முன் போட்டுவிட்டுப் போவது பிள்ளைகளின் பொறுப்பு.

ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் நேர அடிப்படையிலான கட்டணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். வேலை நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம்; மற்ற நேரமும் வார இறுதியும் யூனிட்டுக்கு ஏறத்தாழ 4 சென் மலிவு. இரவு பத்துக்குமேல் மட்டும் ஏர்கோன் போடும் குடும்பத்துக்கு இது பொருந்தும். பகலெல்லாம் ஆள் இருக்கும் வீட்டுக்கு, குறிப்பாக மதியம் ஏர்கோன் ஓடும் வீட்டுக்கு, வழக்கமான கட்டணமே மேல்.