ஓடையில் தப்பிய மீன்



எண்பதுகளில் டோர்ட்முண்ட், எசன், பொட்றொப் பகுதிகளில் வந்து குடியேறிய எம்மவர்கள் எம்ஷர் ஆற்றை மறந்திருக்க மாட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பாலத்தைக் கடக்கவேண்டும். இரு கரையும் கொங்கிறீற், அதைச் சுற்றி வேலி. அதன் கிளை வாய்க்கால்களை ஊர்ச்சனம் ‘கொட்டெல்பெக்கெ’, அதாவது மலவோடை என்றே அழைத்தது.

அது ஒருகாலத்தில் மீன் துள்ளிய ஆறு. நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகியபோது மேலே இருந்த நிலம் தாழ்ந்தது. நிலத்தடிக் கழிவுக் குழாய்களைப் புதைத்தால் அவை உடைந்துவிடும். ஆகவே 1899 இல் அமைக்கப்பட்ட எம்ஷர் கூட்டுறவுச் சங்கம், ஆற்றையே திறந்த சாக்கடையாக மாற்றியது. ஆற்றில் மீனினம் அற்றுப்போனது.

ஆனால் முற்றாக அல்ல. கல்லடியில் ஒளிந்து வாழும் ‘குறொப்பெ’ என்றொரு சிறிய மீன் உண்டு. அதற்குக் காற்றுப்பை இல்லை, நன்றாக நீந்தவும் வராது. பொட்றொப்பில் பொயெ ஓடையின் தலைப்பகுதிக்குக் கழிவுநீர் போய்ச்சேரவில்லை. அங்கே எம்ஷருக்கே உரிய குறொப்பெக் கூட்டம் ஒன்று தப்பிக் கிடந்தது.

சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து நிலம் அமைதியடைந்தபின், 1990களின் தொடக்கத்தில் ஆற்றை மீட்கும் வேலை ஆரம்பமாயிற்று. 2021 இன் இறுதியில் எம்ஷர் கழிவுநீரிலிருந்து விடுபட்டது. செலவு 500 கோடி யூரோவுக்கும் மேல். சிறு தடுப்பைக்கூடத் தாண்டமுடியாத குறொப்பெயை மனிதரே எடுத்துச் சென்று, துப்புரவான மற்றைய ஓடைகளில் விட்டார்கள். அது அங்கே பெருகியது.

எம்ஷர் போய்க் கலக்கும் றைன் நதியின் சல்மன் மீனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1885 இல் ஏறத்தாழ 250,000 சல்மன்கள் பிடிபட்ட நதி அது. அணைகளும் கழிவும் மிதமிஞ்சிய மீன்பிடியும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த இனத்தை அங்கு இல்லாமற் செய்தன. 1986 நவம்பர் 1 இல் பாசல் அருகே இரசாயனக் கிடங்கு தீப்பற்றி நஞ்சு நதியில் கலந்து, விலாங்குகள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்த பின்னரே அரசுகள் விழித்தன. வேறு நாட்டு ஆறுகளின் முட்டைகளைக் கொண்டுவந்து குஞ்சுகளை விட்டார்கள். 1990 இல் சீக் ஆற்றுக்கு முதற் சல்மன் திரும்பியது. ஆயினும் இன்றும் மனிதர் குஞ்சு விட்டால்தான் அந்த மீன் அங்கு நிலைக்கிறது. றைனின் பழைய வம்சமோ போனது போனதுதான்.

சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பேரழிவொன்றில் கடலுயிர் இனங்களிற் பெரும்பாலானவை மாண்டன. அதன்பிறகும் பூமி தளிர்த்தது, ஆனால் அதற்குப் பல மில்லியன் ஆண்டுகள் பிடித்தன. இன்று மனிதரால் நடக்கும் அழிவிலிருந்தும் உயிர் மீளும். ஆனால் அவ்வளவு காலம் காத்திருக்க எமக்கோ எம் பிள்ளைகளுக்கோ ஆயுள் இல்லை. எம் காலத்தில் மீள்வது, எங்காவது ஒரு மூலையில் தப்பி எஞ்சியது மட்டுமே.

எஞ்சுதல் என்றால் என்ன என்பது எமக்குப் புதிதல்ல. அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு எம்ஷர்க் கரையில் நடந்து பாருங்கள். இப்போது மூக்கைப் பிடிக்கத் தேவையில்லை. அந்தச் சிறு ஓடையின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.