வேலை தேடிப் போன அகதிகள் - நான்சன் பாஸ்போர்ட்டின் கதை

போன மாதம் எங்கள் கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூ. வந்தது ஒரு ஐ.டி. கம்பெனி. (பி.காம். படிப்பவனுக்கு ஐ.டி. கம்பெனியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கே உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலை. எங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.) எழுத்துத் தேர்வில் எங்கள் எல்லோரையும் விட அதிக மதிப்பெண் வாங்கியவன் என் பக்கத்து பெஞ்ச் நண்பன். நேர்முகத்திலும் நன்றாகத்தான் பேசினான். கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் பாஸ்போர்ட் எண் எழுத ஒரு கட்டம். அவன் அதைக் காலியாக விட்டான்.

அவன் பிறந்தது தமிழ்நாட்டில்தான். ஆனால் வீட்டு முகவரி ஒரு முகாம். 2021-ல் அரசு அதற்கு "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றியது, அதற்கு முன்பு அகதிகள் முகாம். "அப்புறம் சொல்கிறோம்" என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.

திறமை இருக்கிறது, வேலையும் இருக்கிறது, நடுவில் ஒரு காகிதம் மட்டும் இல்லை. இந்தச் சிக்கலை யாராவது எப்போதாவது தீர்த்திருக்கிறார்களா என்று நூலகத்தில் தேடப் போனேன். தீர்த்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால். முழுதாக அல்ல, முக்கால்வாசி.

கதை ரஷ்யாவில் ஆரம்பிக்கிறது. 1917-ல் புரட்சி, பிறகு உள்நாட்டுப் போர். போல்ஷெவிக்குகளிடம் தோற்ற ஜெனரல் ராங்கலின் படை 1920 நவம்பரில் கிரிமியாவை விட்டுக் கப்பல்களில் கிளம்பியது. படைவீரர்கள், அவர்கள் குடும்பங்கள், வேறு பொதுமக்கள் என்று சுமார் ஒன்றரை லட்சம் பேர் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) வந்து இறங்கினார்கள். இது ஒரு பகுதிதான். மொத்தமாக ரஷ்யாவை விட்டு வெளியேறியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 1921 டிசம்பரில் லெனின் அரசு ஓர் ஆணை போட்டு, வெளியே போய்விட்ட இவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. ஒரே கையெழுத்தில் லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பல எல்லைகளைப் பாஸ்போர்ட் இல்லாமலே கடக்கலாம். போர் வந்ததும் எல்லா நாடுகளும் பாஸ்போர்ட், விசா என்று கதவுகளைச் சாத்தின. அதாவது காகிதம் இல்லாமல் நகரவே முடியாது என்ற உலகம் பிறந்த அதே சமயத்தில், காகிதமே இல்லாத மக்கள் கூட்டமும் பிறந்தது. நேரம் என்றால் இதுதான் நேரம்!

1921-ல் சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ், ஐ.நா.வின் முன்னோடி) ரஷ்ய அகதிகளுக்காக ஓர் உயர் ஆணையரை நியமித்தது. அவர் அரசியல்வாதி இல்லை, வக்கீலும் இல்லை. நார்வேயைச் சேர்ந்த ஃபிரிட்யோஃப் நான்சன். படித்தது விலங்கியல். 1888-ல் கிரீன்லாந்தின் பனிப்பாலைவனத்தைச் சறுக்குக் கட்டையில் கடந்தவர். வட துருவத்தை நோக்கி "ஃபிராம்" என்ற கப்பலை ஓட்டிப் போனவர். உறைபனியில் வழி கண்டுபிடித்தவர் காகிதக் காட்டில் வழி கண்டுபிடிக்க வந்தார்.

1922 ஜூலையில் ஜெனீவாவில் நாடுகளைக் கூட்டி, ஒரு சான்றிதழுக்குச் சம்மதம் வாங்கினார். இவர் இன்னார், ரஷ்ய வம்சாவளி, வேறு குடியுரிமை பெறாதவர் என்று சொல்லும் ஒரே ஒரு தாள். ஒரு வருடம் செல்லும். இதுதான் பிறகு நான்சன் பாஸ்போர்ட் என்று பெயர் பெற்றது. அந்த வருடமே அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு. 1924-ல் ஆர்மீனிய அகதிகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் காலப்போக்கில் ஏற்றுக்கொண்டன. மொத்தம் சுமார் நாலரை லட்சம் பேருக்குக் கிடைத்தது. இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் சகால், எழுத்தாளர் நபகோவ் எல்லோரும் இதை வைத்திருந்தவர்கள்.

இதுவரை பல புத்தகங்களில் உண்டு. இனிமேல் வருவதுதான் காமர்ஸ் மாணவனான எனக்குச் சுவாரசியம்.

காகிதம் கொடுத்தாகிவிட்டது, சரி. சாப்பாட்டுக்கு? கான்ஸ்டான்டிநோபிளிலும் பல்கேரியாவிலும் முடங்கிக் கிடந்தவர்களுக்கு எவ்வளவு நாள் கஞ்சி ஊற்றுவது? அதே சமயம் பிரான்ஸில் நிலைமை தலைகீழ். போரில் சுமார் 14 லட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு அது. சுரங்கத்துக்கு ஆள் இல்லை, தொழிற்சாலைக்கு ஆள் இல்லை, வயலுக்கு ஆள் இல்லை. ஒரு பக்கம் சப்ளை, இன்னொரு பக்கம் டிமாண்ட். நடுவில் சந்தைதான் இல்லை.

அந்தச் சந்தையை உருவாக்கும் பொறுப்பு 1925-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிடம் (ஐ.எல்.ஓ.) வந்தது. அதன் முதல் இயக்குநர் ஆல்பர்ட் தாமஸ், பிரெஞ்சு சோஷலிஸ்ட். சட்டம், அரசியல் விவகாரங்கள் நான்சனிடம். வேலை தேடித் தரும் விவகாரம் ஐ.எல்.ஓ.விடம். யாருக்கு என்ன தொழில் தெரியும் என்று பதிவு செய்வது, எந்த நாட்டில் எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று விசாரிப்பது, விசா வாங்கித் தருவது, பயணச் செலவுக்கு வழி பார்ப்பது. இன்றைக்குப் பார்த்தால் ஒரு பிளேஸ்மென்ட் செல் செய்கிற வேலைதான். 1929 வரை இப்படி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கிடைத்தது. பெரும்பாலும் பிரான்ஸில். தென் அமெரிக்காவுக்குப் பெரிய அளவில் அனுப்பலாம் என்று போட்ட திட்டம் மட்டும் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை.

நிதிக்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1926-ல் நான்சன் ஸ்டாம்ப் என்று ஒன்று வந்தது. வசதியுள்ள அகதிகள் வருடத்துக்கு ஐந்து தங்க பிராங்க் கொடுத்து வாங்கித் தங்கள் சான்றிதழில் ஒட்ட வேண்டும். அந்தப் பணம் வசதியில்லாத அகதிகளுக்கு உதவப் போகும். வேலை கிடைத்தவன் வேலை கிடைக்காதவனுக்குக் கை கொடுக்கும் ஏற்பாடு.

போனவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? பாரிஸ் அருகே பியான்கூர் என்ற இடத்தில் ரெனோ கார் தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்த ரஷ்யர்களின் எண்ணிக்கையைப் பார்த்து அந்த ஊருக்கே "பியான்கூர்ஸ்க்" என்று கிண்டலாக ரஷ்யப் பெயர் வைத்தார்களாம். முன்னாள் அதிகாரிகள் பாரிஸ் தெருக்களில் டாக்ஸி ஓட்டினார்கள். கைதோ கஸ்தானோவ் என்ற எழுத்தாளர் பல வருடங்கள் இரவு டாக்ஸி ஓட்டிக்கொண்டே நாவல் எழுதினார். படித்த படிப்புக்கு வேலை இல்லைதான். ஆனால் திருட்டுத்தனமாக எல்லை தாண்டவில்லை, தரகனுக்குக் காசு கொடுக்கவில்லை. முன் வாசல் வழியாகப் போனார்கள்.

முக்கால்வாசி என்று மேலே சொன்னேன் அல்லவா? மீதிக் கால்வாசி இரண்டு ஓட்டைகள். முதல் ஓட்டை சான்றிதழிலேயே இருந்தது. அதைக் கொடுத்த நாடு, போனவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே இன்னொரு நாடு விசா தரத் தயங்கும். உள்ளே விட்டால் எங்கே திருப்பி அனுப்புவது என்ற பயம். (பல வருடம் கழித்து 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் இந்த ஓட்டையை அடைத்தார்கள். பயண ஆவணம் கொடுத்த நாடு திரும்ப ஏற்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். இந்தியா அதில் கையெழுத்திடவில்லை.)

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. "இவர் உழைப்பாளி, உங்களுக்குப் பயன்படுவார்" என்று சொல்லித்தானே கதவைத் திறந்தார்கள்? 1929-ல் பெருமந்தம் வந்தது. உள்ளூர்க்காரனுக்கே வேலை இல்லை. 1932 ஆகஸ்டில் பிரான்ஸ் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்க வழிசெய்யும் சட்டம் போட்டது. திரும்பிப் போக நாடு உள்ள வெளிநாட்டுக்காரன் மூட்டை கட்டலாம். அகதி எங்கே போவான்? வேலைக்காக வரவழைக்கப்பட்டவனுக்கு வேலை போனதும் இருப்பதற்கான காரணமே போய்விட்டது. இதைப் படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. அதுவரை ஐ.எல்.ஓ. திட்டத்தை முழு மனதோடு கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இதே யோசனை இன்னும் பெரிய அளவில் வந்தது. 1947-ல் ஆஸ்திரேலியா ஐரோப்பிய முகாம்களிலிருந்து ஆட்களை எடுக்க ஒப்பந்தம் போட்டது. நிபந்தனை, அரசு சொல்லும் வேலையை இரண்டு வருடம் செய்ய வேண்டும். டாக்டரும் எஞ்சினியரும்கூடக் கூலியாட்கள் கணக்கில் போனார்கள். இதற்கு மாறான ஒரு காட்சி ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க் முகாமில். டாகௌ வதைமுகாமிலிருந்து தப்பிய ஜேக்கப் ஓலெய்ஸ்கி என்பவர், விடுதலையான அதே 1945-ல் அங்கே தொழிற்பள்ளி ஆரம்பித்தார். 1880-ல் ரஷ்யாவில் யூதர்கள் தொடங்கிய ஓ.ஆர்.டி. என்ற அமைப்பைச் சேர்ந்தவர் அவர். தையல், மெக்கானிக், ரேடியோ என்று முகாம்களில் வகுப்புகள் நடந்தன. ரேடியோ அன்றைய கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு? 2016-ல் டேலன்ட் பியாண்ட் பவுண்டரீஸ் என்ற அமைப்பு ஜோர்டானிலும் லெபனானிலும் இருந்த அகதிகளின் திறமைகளை ஆன்லைனில் பட்டியலிடத் தொடங்கியது. சாஃப்ட்வேர்காரர், நர்ஸ், கணக்காளர் எல்லோரும் அதில் உண்டு. கம்பெனிகள் அதில் பார்த்து ஆள் எடுக்கலாம். 2018-ல் கனடா இதற்கென ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. அகதியாக அல்ல, திறமையுள்ள பணியாளராகவே குடியேற அது வழிசெய்தது. காலாவதியான பாஸ்போர்ட்டையும் பரிசீலிக்க அதில் இடம் வைத்தார்கள். 2021-ல் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் இதேபோல் தொடங்கின. ஐ.எல்.ஓ.வின் அட்டைப்பெட்டி இப்போது டேட்டாபேஸ் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தற்காலிக வேலை விசாவுக்குப் பதில் நிரந்தரக் குடியுரிமைக்கு வழி இருந்தால் மட்டுமே 1932 திரும்ப வராது என்பது என் கருத்து.

இதையெல்லாம் போன வாரம் கேன்டீனில் நண்பனிடம் சொன்னேன். நான்சன் பாஸ்போர்ட்டின் படத்தையும் மொபைலில் காட்டினேன். மடிப்பு விழுந்த பழைய தாள், மூலையில் ஸ்டாம்ப். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "இதுல போனா திரும்பி வர முடியுமாடா? அம்மா இங்கதான இருப்பாங்க" என்று கேட்டான்.

அந்த முதல் ஓட்டையைப் பற்றி அவனிடம் நான் அதுவரை சொல்லவில்லை.