ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்து: எப்போது, எவ்வளவு, எது வரை?

கண் சிவந்து உறுத்தினால் நம் வீடுகளில் முதலில் ஆள் அனுப்புவது தெருமுனை மெடிக்கலுக்குத்தான். அங்கே தரப்படும் சிறு பாட்டிலில் பல நேரங்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஓரிரு நாளில் சிவப்பு மறைந்துவிடும். அந்த நம்பிக்கையில் அடுத்த முறையும் அதே பாட்டில் வாங்கப்படுகிறது, பிள்ளைகளுக்கும் போடப்படுகிறது. பார்வையைக் காக்கும் இந்த மருந்து, கண்காணிப்பு இல்லாமல் போட்டால் பார்வையைப் பறிக்கவும் கூடும். எனவே இதன் அடிப்படை விவரங்களைக் குடும்பத்தில் எல்லோரும் அறிந்திருப்பது அவசியம்.

எதற்காகத் தரப்படுகிறது?

ஸ்டீராய்டு, கண்ணில் ஏற்படும் அழற்சியை அடக்குகிறது. கிருமியைக் கொல்லும் வேலையை அது செய்வதில்லை. யூவியைட்டிஸ் எனும் உள்கண் அழற்சி, கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வீக்கம், கருவிழி மாற்று சிகிச்சை, கடுமையான கண் அலர்ஜி ஆகியவற்றுக்கு மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள். யூவியைட்டிஸைக் கவனிக்காமல் விட்டால் கண்ணின் கருந்திரை உள்ளிருக்கும் லென்ஸுடன் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தேவைப்படும் நேரத்தில் இந்த மருந்தைப் பயந்து ஒதுக்குவதும் தவறு.

பாட்டிலில் பார்க்க வேண்டிய பெயர்கள்

பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ஃபுளோரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால், டைஃபுளுபிரெட்னேட். இவற்றில் ஏதேனும் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆன்டிபயாடிக்குடன் சேர்த்தும் விற்கப்படுவதால் இரண்டு பெயர்களையும் படித்துப் பாருங்கள். மருத்துவரின் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்பது சட்டம்.

ஆபத்துகள்

1. கண் அழுத்தம்: கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும். ஸ்டீராய்டை வாரக்கணக்கில் விடும்போது சுமார் மூன்றில் ஒருவருக்கு ஓரளவும், நூற்றில் ஐந்து பேருக்கு மிக அதிகமாகவும் அது ஏறக்கூடும். வலி இருக்காது, சிவப்பும் இருக்காது. பார்வை நரம்பு மெல்ல அழியும். இதுவே கிளாக்கோமா. போன பார்வை திரும்ப வராது. குடும்பத்தில் கிளாக்கோமா உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், அதிக மைனஸ் பவர் கண்ணாடி அணிபவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இந்த அபாயம் கூடுதல்.

2. கண்புரை: நீண்ட நாள் போட்டால் இளம் வயதிலேயே லென்ஸின் பின்புறம் புரை படரலாம்.

3. கிருமித் தொற்று: ஹெர்பிஸ் வைரஸ் அல்லது பூஞ்சையால் கருவிழியில் புண் வந்திருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் ஆழமாகும். வயலில் நெல், வைக்கோல், இலை பட்டு கண் சிவந்தால் சொந்தமாக எந்தச் சொட்டும் விடாதீர்கள். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே குணமாகும். அதற்கும் நீங்களாக ஸ்டீராய்டு விட வேண்டாம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் அலர்ஜிப் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கோடைதோறும் பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்கிப் போடுவதால் பார்வை இழக்கும் பிள்ளைகள் உண்டு. பார்வை மங்குவதைச் சிறு குழந்தைக்குச் சொல்லத் தெரியாது.

சொட்டு விடும் முறை

* கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள்.
* பால் போன்ற வெள்ளை மருந்தாக இருந்தால் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும்.
* கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விடுங்கள். முனை கண்ணிலோ விரலிலோ படக் கூடாது.
* கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும்.
* வேறு சொட்டும் இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். களிம்பு கடைசியில்.
* திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். ஒருவர் மருந்தை மற்றவர் பயன்படுத்த வேண்டாம்.
* சிகிச்சை முடியும் வரை சுர்மா இட வேண்டாம்.

கண் நன்றாகிவிட்டதே என்று திடீரென நிறுத்தினால் அழற்சி திரும்பிவிடும். நாளுக்கு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று மருத்துவர் எழுதித்தரும் வரிசையில்தான் குறைக்க வேண்டும். வாரக்கணக்கில் போட நேர்ந்தால் கண் அழுத்தத்தை எப்போது பரிசோதிக்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

நோன்பு நேரத்தில்

ரமளானில் பகல் நேரச் சொட்டை விட்டுவிடுபவர்கள் உண்டு. அதற்கு அவசியமில்லை. ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின்படி கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது, தொண்டையில் அதன் கசப்பு தெரிந்தாலும் சரியே. மருந்து தொண்டையை எட்டினால் முறியும் என்பது மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் கருத்து. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தொண்டைக்கு வந்ததை விழுங்காத வரை கண் சொட்டால் நோன்பு முறியாது என்றே தீர்மானித்தது. மேலே சொன்னபடி கண்ணோரத்தை அழுத்திப் பிடித்தால் இந்தப் பேணுதலும் எளிதாகிவிடும்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள்

பார்வை மங்குதல், வலி கூடுதல், வெளிச்சம் பார்க்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். போட்டுக்கொண்டிருந்த பாட்டிலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.