ஸ்டெப்னி இல்லாத கார்



சென்னையில் இருக்கும் என் அக்காவுக்குப் போன மாதம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். "உள்ளே போறதுக்கு முன்னாடி உன்னை ஒருதடவை பார்த்துடணும்டா" என்று முதல் நாள் போனில் சொல்லியிருந்தாள். இரவு இரண்டு மணிக்கு மாப்பிள்ளையும் நானும் புதுவையிலிருந்து காரில் கிளம்பினோம். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டியதும் பின் டயரில் காற்று இறங்கிவிட்டது.

"ஸ்டெப்னியை எடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"இந்த வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது மாமா. மருந்து பாட்டில்தான்" என்றார்.

டிக்கியைத் திறந்து பாட்டிலை எடுத்தார். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. உள்ளே இருந்தது தயிர்போல் உறைந்து கிடந்தது. அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு புண்ணியவான் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்காரரைத் தேடிப் போனார். நான் ரோட்டோரம் தனியே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பள்ளியில் எங்கள் முசியே சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்தது.

காற்றடைத்த சைக்கிள் டயருக்கு பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் காப்புரிமை வாங்கியது 1888-ல். அந்த டயரை ரிம்மோடு சேர்த்துப் பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள். பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் ஊரில் ஆந்த்ரே, எதுவார் என்ற மிஷ்லேன் சகோதரர்கள் ரப்பர் தொழிற்சாலை நடத்திவந்தார்கள். அங்கே ஒருநாள் சைக்கிள்காரர் ஒருவர் பஞ்சரான டயரோடு வந்து நின்றார். அதைப் பிரித்து ஒட்டவே மூன்று மணி நேரம் ஆயிற்று. பசை காய ஓர் இரவு. மறுநாள் எதுவார் ஆசையாக ஏறி ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச தூரத்திலேயே காற்று மறுபடி போய்விட்டது.

சவாரி நன்றாக இருக்கிறது, ரிப்பேர்தான் ஆளைக் கொல்கிறது என்று அவருக்குப் புரிந்தது. 1891-லேயே கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்துவிட்டார். அதே வருடம் பாரிஸிலிருந்து பிரெஸ்த் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரில் ஓட்டி முதலாவதாக வந்தார். அடுத்த வருடம் பாரிஸ் முதல் கிளெர்மோன் வரை மிஷ்லேன்காரர்களே ஒரு பந்தயம் நடத்தினார்கள். பஞ்சரை எவ்வளவு சீக்கிரம் சரிசெய்யலாம் என்று காட்டுவதற்காக வழியில் ஆணிகளைத் தூவி வைத்தார்களாம்! கடைக்குப் பக்கத்தில் ஆணி போடுகிறார்கள் என்று நம் ஊரில் பஞ்சர் கடைக்காரர்களைச் சந்தேகப்படுவோமே, அவர்களுக்கெல்லாம் இவர்கள் முப்பாட்டன்மார்.

பிறகு கார்கள் வந்தன. ஆரம்பகாலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் டேவீஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும்படி, டயர் பூட்டிய ஒரு ரிம்மைச் செய்து விற்றார்கள். அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அந்தத் தெருப்பெயரைத்தான் நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிரெஞ்சில் இதற்கு 'ரூ த செக்கூர்' என்று பெயர், அதாவது ஆபத்துக்கு உதவும் சக்கரம். பஞ்சர் ஒட்டும் ரப்பர் துண்டுக்கு 'ருஸ்தீன்' என்பார்கள். அதுவும் லூயி ருஸ்தேன் என்ற மனிதரின் பெயரிலிருந்து வந்ததுதான்.

1947-ல் அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனி ட்யூப்லெஸ் டயரை அறிவித்தது. ஆணி குத்தினாலும் அதில் காற்று மெதுவாகத்தான் இறங்கும். அந்தத் தைரியத்தில்தான் இப்போது ஸ்டெப்னிக்கே விடைகொடுத்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 2020-ல் விதியைத் திருத்தினார்கள். ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி, ரிப்பேர் சாமான் மூன்றும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. எடை குறையும், டிக்கியில் இடமும் மிச்சம்.

அந்த மருந்து பெரும்பாலும் ரப்பர் பால் கலந்த திரவம். வால்வு வழியாக உள்ளே செலுத்திக் காற்றடித்து, உடனே கொஞ்ச தூரம் வண்டியை ஓட்ட வேண்டும். திரவம் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். தரையில் படும் பாகத்தில் ஆணி அளவு ஓட்டை என்றால்தான் கேட்கும். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் பயனில்லை. அடைத்த பிறகும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் நேரே பஞ்சர் கடைக்குப் போய், மருந்து ஊற்றியிருப்பதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பஞ்சர்காரர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. சக்கரத்தைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. ஆனால் போனது மூன்று மணி நேரம், கிளெர்மோனில் ஆன அதே மூன்று மணி நேரம்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது எட்டு மணி ஆகியிருந்தது. அக்காவை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள். மூடிய கதவுக்கு வெளியே மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். கடவுள் புண்ணியத்தில் நல்லபடியாக எழுந்தாள். கண் திறந்ததும் அவள் கேட்டது, "எங்கேடா போயிருந்தே?"

முப்பத்து நான்கு வருடம் ஆபீசில் ஃபைல்களில் தேதி பார்த்தே பிழைத்தவன் நான். அந்தப் பாட்டிலில் இருந்த தேதியை ஒருநாளும் பார்க்கவில்லை. உங்கள் பிள்ளைகளின் காரிலும் ஸ்டெப்னி இல்லையென்றால், இன்றைக்கே டிக்கியைத் திறந்து பாருங்கள்.